பதினான்குக்குப் பதினான்கு, ஏலக்காய் மூன்று

அமெரிக்கா வந்த முதல் குளிர்காலத்தில், அமெரிக்க ஃபுட்பால் பார்த்து நான் கண் கலங்கியிருக்கிறேன். யாரோ தோற்றார்கள் என்பதற்காக அல்ல. எந்த அணி எது என்பதே எனக்குத் தெரியாது. நியூ ஜெர்சி எடிசனில், பிரம்மச்சாரிகள் நாலு பேர் குடியிருந்த அபார்ட்மென்டில், மடியில் ரசம் சாதத் தட்டோடு தரையில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் முடியும் தறுவாயில், ஜெயித்துக்கொண்டிருந்த அணியின் குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை நடத்துகிறவன், பந்தைக் கையில் வாங்கினான். ஓர் எட்டு பின்னால் வைத்தான். ஒரு முட்டியை மெல்லத் தரையில் ஊன்றித் தலையைக் குனிந்தான். எழுந்தான். மறுபடி பந்தை வாங்கி, மறுபடி மண்டியிட்டான்.

"பார்றா ரவி, ஜெயிச்ச திமிர் கொஞ்சமாவது இருக்கா? பூமியை வணங்கறான்டா," என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ரசம் காரணமில்லை.

அறைத்தோழன் ரவி என்னை ஏற இறங்கப் பார்த்தான். "லூசாடா நீ? டைம் ஓட்டறான்டா. முட்டி தரையில பட்டா ஆட்டம் நிக்கும், கடிகாரம் நிக்காது. எதிராளிக்குப் பந்தே கிடைக்காது. பக்கா கேடித்தனம்."

அன்றிலிருந்து ஒரு வாரம் அந்த வீட்டில் என் பெயர் பூசாரி.

அந்தப் பூசாரிதான் பிறகு பத்து வருஷம் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, எந்த முட்டி தரையில் பட்டது, எது படவில்லை என்று டெக்சஸிலும் கலிஃபோர்னியாவிலும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தான். பகலில் கம்ப்யூட்டர் வேலை, வாரக் கடைசியில் பள்ளிக்கூட ஃபுட்பாலில் லைன்ஸ்மன், அதாவது ஓரக் கோட்டில் நிற்கும் நடுவர். இந்த வருஷம் என் சொந்த முட்டி மண்டியிட மறுத்துவிட்டதால் ஓய்வு பெற்றாயிற்று. சான்டா கிளாராவில் புதிதாக ரெஃப்ரி வேலைக்குச் சேர்ந்திருக்கும் கார்த்திக் போன வாரம் சாப்பிட வந்தவன், "அங்கிள், ஓவர்டைம் ரூல் வர்றதுக்கு முன்னாடி பிளேஆஃப்ல டை ஆனா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் சமையலறையிலிருந்து என் மனைவி சுமதி, "ஏலக்காய் திம்பாரு," என்றாள். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

நியூ ஜெர்சியிலிருந்து டெக்சஸில் கேட்டி என்ற ஊருக்கு மாற்றல் வந்தது. ஹூஸ்டனுக்கு மேற்கே, அப்போது பாதி ஊர் நெல்வயல். நியூ ஜெர்சியில் பள்ளிக்கூட ஃபுட்பால் பிளேஆஃப் என்கிற வெளியேற்றுச் சுற்று, பகுதிக்கு ஒரு சாம்பியனோடு நின்றுவிடும். எல்லோரும் கோப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். டெக்சஸில் அந்தப் பேச்சே இல்லை. சனிக்குச் சனி தோற்றவனைக் கழித்துக்கொண்டே போய், மாநிலம் முழுக்க ஒரே ஒருவன் நிற்கும்வரை விடமாட்டார்கள். அந்த ஆட்டங்கள் நடக்கும் நாளில் சில ஊர்களில் கடைகூடத் திறந்திருக்காது. பெட்ரோல் போடப் போனால் பம்ப் மட்டும் நிற்கும்.

ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர் ரெஃப்ரி சங்கத்தில் இருந்தார். ஆள் பற்றாக்குறை. "உனக்கு ஓடத் தெரியுமா?" என்று கேட்டார். "பயந்தா நல்லா ஓடுவேன்," என்றேன். சேர்த்துக்கொண்டார்கள்.

சுமதிக்கு ஈரோடு. அவள் கேட்டாள்: "ஏனுங்க, ஃப்ரீவேல லேன் மாத்தறதுக்கே முருகா முருகாங்கறீங்க. இருபத்திரண்டு எருமைக்கு நடுவுல போயி நிக்கப் போறீங்களா?"

"நடுவுல இல்ல. ஓரத்துலதான்."

"எருமைக்கு ஓரம் தெரியுமாக்கும்!"

பயிற்சி இரண்டு கோடை. விதிப் புத்தகம், பரீட்சை, சின்னப் பிள்ளைகள் ஆட்டம், அதற்கப்புறம் பெரிய பள்ளி. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: அங்கே தொழில்முறை ஆட்டத்துக்கு ஒரு விதி, கல்லூரிக்கு ஒரு விதி. தொழில்முறைக்காரன் தானாக வழுக்கி விழுந்தால், எதிராளி தொடும்வரை எழுந்து ஓடலாம். கல்லூரியில் முட்டி பட்டதா, முடிந்தது. டெக்சஸ் பள்ளிகள் கல்லூரி விதியில் ஆடின. நான் ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஒரு விதியைப் பார்த்துவிட்டு, மறு வாரம் மைதானத்தில் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். மாமியார் வீட்டு உப்பும் சொந்த வீட்டு உப்பும் மாதிரி, நாக்கை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்கள் குழுவின் தலைவர் ஹாரிஸ். வெள்ளைத் தொப்பி தலைமை ரெஃப்ரிக்கு மட்டும். மற்ற நாலு பேருக்கும் கறுப்பு. ஹாரிஸ் வாரம் முழுக்கப் பள்ளிக்கூட பஸ்களை ரிப்பேர் பண்ணுகிறவர். நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ். உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. என் பெயர் முருகேசன். அவருக்கு 'முரு' வரைதான் வரும்.

ஆட்டத்துக்கு முன்னால் அவர் ஒரு காரியம் செய்வார். உடை மாற்றும் அறையில் எங்களை பெஞ்சில் உட்காரவைத்து, விளக்கை அணைத்துவிட்டு, கண்ணை மூடச் சொல்வார். இருட்டில் அவர் குரல் மட்டும் வரும். "பந்து கிளம்புது. குவார்ட்டர்பேக் பின்னால போறான். இடது பக்கம் ஓடறான். முரு, நீ எங்க பாக்கற?"

"பந்தை."

"பந்தை ஸ்டேடியமே பாக்குது. அதுக்கு உன்னை எதுக்குக் கூப்பிட்டாங்க? நீ அவன் விழப்போற இடத்தைப் பாரு."

மறுபடி முதலிலிருந்து. அந்த இருட்டில் எனக்கு நிஜமாகவே புல் தெரியும். புல்லில் கோடு தெரியும். வெளியே பேண்டு வாத்தியக்காரர்கள் ஒத்திகை பார்க்கும் சத்தம், ஆற்றுக்கு அந்தக் கரையில் யாருக்கோ கல்யாணம் நடப்பதுபோலக் கேட்கும். ஒருமுறை அப்படியே தூங்கிப்போனேன். அவர் "முரு, இப்ப என்ன பண்ணுவ?" என்று கேட்டதற்கு நான் தமிழில் ஏதோ சொன்னேனாம். என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரியும். "ஸ்டாப்புல இறங்கணும், கொஞ்சம் நிறுத்துங்க."

எனக்கு ஒரு வியாதி இருந்தது. பயம் வந்தால் மூச்சு வாங்கும். விசில் வாயில் இருக்கும்போது மூச்சு வாங்கினால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது தவறி விசில் ஊதுவதைவிடப் பெரிய பாவம் எங்கள் தொழிலில் கிடையாது. ஊதினால் ஆட்டம் செத்தது. யார் கோல் கோட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாலும் திருப்பிக் கூப்பிட வேண்டியதுதான். முதல் பருவத்திலேயே நான் இரண்டு பேரை அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன். ஹாரிஸ் திட்டவில்லை. என் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினார். விரலில் மாட்டிக்கொள்ளும் விசில் ஒன்றைக் கொடுத்தார். "பயம் வயித்துல இருந்து வாய்க்கு வர ஒரு நொடி. கை வாய்க்கு வர ரெண்டு நொடி. அந்த மிச்ச ஒரு நொடியில கண்ணால பாரு," என்றார்.

வாய் காலியாகிவிட்டது. காலி வாய் பல்லைக் கடித்தது. சுமதிதான் ஒரு கைப்பிடி ஏலக்காயைச் சட்டைப் பையில் போட்டுவிட்டாள். பயம் வந்தால் ஒன்று மெல்லலாம். அதோடு, பத்து யார்டு நகர ஒரு அணிக்குத் தரும் நாலு முயற்சியில் எது நடக்கிறது என்று விரலுக்கு விரல் மாற்றிக்கொள்ள ஒரு ரப்பர்பேண்டு வேண்டும். இந்தியன் ஸ்டோரில் கறிவேப்பிலைக் கட்டில் சுற்றி வருவதே போதுமாக இருந்தது. ஆக, நான் மைதானத்தில் இறங்கினால் பாதி ரெஃப்ரி, பாதி மளிகைக்கடை.

இனி அந்தச் சனிக்கிழமை. பிளேஆஃப். இரண்டு ஊருக்கும் நடுவில் மூன்றாவது ஊரின் மைதானம். பகல் ஆட்டம்தான், ஆனால் வெளிச்சம் வரவே இல்லை. காலையிலிருந்து தூறலும் மூட்டமும். எதிர்ப்பக்க கேலரி தெரியும், அதில் இருக்கிற முகங்கள் தெரியாது. ஆட்கள் மூட்டத்திலிருந்து ஓடி வந்து, மோதி, மூட்டத்துக்குள்ளேயே எழுந்து போனார்கள். ஒரு அணி சிவப்பு, ஒரு அணி நீலம். நான் நீலத்தின் பக்கம் நின்றேன்.

அந்தக் காலத்து டை விதியைச் சொல்லிவிடுகிறேன். பிளேஆஃபில் ஸ்கோர் சமமானால் ஓவர்டைம் கிடையாது. எதிராளியின் இருபது யார்டு கோட்டை எத்தனை தடவை எட்டினாய் என்று பார்ப்பார்கள். பெனட்ரேஷன் என்று பெயர். நான் நுழைவு என்று எழுதுகிறேன். பந்தின் மூக்கு கோட்டைத் தொட்டாலும் நுழைவுதான். அதிகம் நுழைந்தவன் அடுத்த சுற்றுக்குப் போவான். அதுவும் சமமென்றால் வேறொரு கணக்கு இருக்கிறது; அதில் நீலம் வெகு தூரம் முன்னால் இருந்தது. அந்த மைதானத்து ஸ்கோர்போர்டில் நுழைவுக்கு இடமில்லை. கணக்கு வைத்துக்கொள்வது லைன்ஸ்மன் வேலை. கேப்டன் கேட்டால் சொல்லியே ஆகவேண்டும்.

நான் எப்படிக் கணக்கு வைத்தேன்? கையில் என்ன இருந்ததோ அதை வைத்துத்தான். சிவப்பு நுழைந்தால் சட்டைப் பையிலிருந்து ஓர் ஏலக்காய் கால்சட்டையின் வலது பைக்கு. நீலம் நுழைந்தால் இடது பைக்கு. அறிவாளித்தனமான ஏற்பாடு என்று அன்று காலைவரை நினைத்திருந்தேன்.

நீலம் ஏழேழு புள்ளியாக இரண்டு தடவை கோல் போட்டது, ஒரு தடவை கோட்டுக்குள் போய் நின்றுவிட்டது. மூன்று நுழைவு. சிவப்பு இரண்டு கோல், கோட்டுக்குள் போய்த் தவறவிட்ட உதை ஒன்று. அதுவும் மூன்று. இந்த ஆறைப் பற்றி யாருக்கும் தகராறில்லை. இரண்டாம் கால்பகுதியில் இன்னொன்று நடந்திருந்தது. சிவப்பின் குவார்ட்டர்பேக் டிராவிஸ், ஒல்லியான பையன், என் பக்கமாக ஓடிவந்தான். நீலத்தின் தடுப்பாட்டக்காரன் எர்னெஸ்டோ அவனைத் தழுவிச் சாய்த்தான். இருபது யார்டு கோட்டோரம். நான் ஓடிப்போய்க் காலை வைத்து இடம் காட்டினேன். பந்தை வைத்தோம். அடுத்த நொடி சிவப்பு பந்தைத் தவறவிட்டது; பத்துப் பேர் அதன்மேல் விழுந்தார்கள்; பந்து நீலத்துக்குப் போய்விட்டது. குவியலைப் பிரிக்கிற அமளியில் அந்த ஓட்டத்தை எல்லோரும் மறந்தார்கள். எனக்கும் அப்போது பயம் வந்தது.

கடைசி நிமிஷம். பதினான்குக்குப் பதினான்கு. நீலம் எறிந்த பந்தைச் சிவப்பு பறித்துக்கொண்டது. மைதானத்தின் நடுவில் சிவப்பின் கையில் பந்து. இரு தரப்புக்கும் நேரம் நிறுத்தும் வாய்ப்புகள் தீர்ந்துவிட்டன. பந்து கைமாறியதால், அடுத்த முயற்சி தொடங்கும்வரை கடிகாரம் நிற்கிறது. எதிர்ப்பக்கம் சிவப்பின் கோச் இரண்டு கையையும் தூக்கித் தூரமாக எறியச் சொல்லிச் சைகை காட்டுகிறார். டிராவிஸ் அவரைப் பார்த்தான். பிறகு என்னிடம் ஓடிவந்தான்.

"சார், நான் கேப்டன். நுழைவு எத்தனைக்கு எத்தனை?"

நாலுக்கு மூன்றென்றால் அவன் எறிய வேண்டாம். மண்டியிட்டால் போதும். மூன்றுக்கு மூன்றென்றால் மண்டியிடுவது தற்கொலை. எறிந்தே ஆகவேண்டும், எறிந்தது நீலத்தின் கையில் விழுந்தாலும் போச்சு. அவன் பருவமே என் பையில் இருந்தது.

கையை விட்டேன். இடது பை, மூன்று. வலது பை, மூன்று.

அப்போதுதான் என் வாயில் ஏலக்காய் மணப்பது எனக்குத் தெரிந்தது.

ஒன்றைத் தின்றிருக்கிறேன். எந்தப் பையிலிருந்து? சட்டைப் பை இருப்பிலிருந்து தின்றிருந்தால் கணக்கு மூன்றுக்கு மூன்று. வலது பையிலிருந்து என்றால் நாலுக்கு மூன்று. வீட்டிலிருந்து எத்தனை கொண்டுவந்தேன் என்று எண்ணவும் இல்லை. சுமதி அள்ளிப் போட்டாள், நான் வாங்கிக்கொண்டேன். விசில் விரலில் இல்லாமல் வாயில் இருந்திருந்தால் நான் விட்ட மூச்சுக்கு ரயிலே நின்றிருக்கும்.

"ஒரு நிமிஷம்," என்று டிராவிஸிடம் சொல்லிவிட்டு ஹாரிஸிடம் ஓடினேன். "சார், சாப்பிட்டுட்டேன்."

"எதை?"

"கணக்கை."

ஹாரிஸ் என் முகத்துக்குக் கிட்டே வந்து மோந்து பார்த்தார். "கிறிஸ்மஸ் கேக் வாசனை வருது," என்றார். "கண்ணை மூடு."

"இங்கேயா சார்?"

"மூடு."

இரண்டு ஊர் ஜனமும் பார்த்துக்கொண்டிருக்க, மைதானத்தின் நடுவில் நின்று கண்ணை மூடினேன். சத்தம் தூரப் போயிற்று. ஹாரிஸின் குரல் மட்டும் இருந்தது. "ரெண்டாவது கால்பகுதி. பையன் உன் பக்கம் ஓடி வர்றான். நீ எங்க பாக்கற?"

"விழப்போற இடத்தை."

"என்ன தெரியுது?"

ஏலக்காய் தெரியவில்லை. எத்தனை முயன்றாலும் என் கை எந்தப் பைக்குள் போனது என்பது தெரியவில்லை. புல் தெரிந்தது. ஈரப் புல். எர்னெஸ்டோவின் தோள் மேலே, டிராவிஸ் கீழே, அவன் நெஞ்சோடு பந்து. நான் ஓடிவந்து வலது காலை வைக்கிறேன். கறுப்பு ஷூ. அதன் நுனி ஈரச் சுண்ணாம்பில் பதிந்து, மார்கழிக் காலையில் கோலத்தை மிதித்துவிட்ட கால்போல வெளுக்கிறது. பந்தின் மூக்கு அந்த வெள்ளைக்குள் இருக்கிறது.

"கோட்டு மேல சார். பந்து கோட்டு மேல இருக்கு."

"அப்ப எத்தனை?"

"நாலு. சிவப்புக்கு நாலு."

"போய்ச் சொல்லு," என்றார்.

போய்ச் சொன்னேன். "நாலுக்கு மூணு. உங்களுக்கு நாலு." டிராவிஸ் என் முகத்தைப் பார்த்தான். "உறுதியா சார்?" "உறுதி," என்று நான் சொன்னது எனக்கே யாரோ சொன்னதுபோலக் கேட்டது. பக்கத்தில் நின்ற நீலத்தின் கோச் காதில் அது விழுந்துவிட்டது. "நாலா? மூணுய்யா! மூணு! எந்த ஆட்டத்தைப் பாத்துக்கிட்டு இருக்கே நீ?"

அந்தப் பக்கம் கோச் எறி எறி என்று கையை வீசிக்கொண்டிருந்தார். டிராவிஸ் தன் ஆட்களைக் கூட்டி ஏதோ சொன்னான். பந்தை வாங்கினான். ஓர் எட்டு பின்னால் வைத்தான். ஒரு முட்டியை மெல்லத் தரையில் ஊன்றித் தலையைக் குனிந்தான்.

கேலரி முழுக்கக் கூச்சல். ஸ்கோர் சமமாக இருக்கும்போது மண்டியிடுகிறவனை அவர்கள் பார்த்ததே இல்லை. சிவப்பு ஊர்க்காரர்களே அவனைத் திட்டினார்கள். சிவப்பின் கோச் தொப்பியைத் தரையில் அடித்தார். பையன் எழுந்தான். கடிகாரம் ஓடியது. மறுபடி பந்தை வாங்கி, மறுபடி மண்டியிட்டான். அப்போது நான் முருகனுக்கு என்னென்ன வேண்டிக்கொண்டேன் என்று பட்டியல் போட்டால், இன்றுவரை பாக்கி இருப்பது தெரிந்துவிடும்.

ஆட்டம் முடிந்தது. யாரும் நகரவில்லை. நீலத்தின் கோச் நேரே ஹாரிஸிடம் வந்தார். நான் ஹாரிஸின் முதுகுக்குப் பின்னால் போதுமான இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த ஓட்டம் கோட்டுக்கு வெளியே. என் பையன்தான் அவனைப் பிடிச்சான். எர்னெஸ்டோ! இங்க வா. இந்த ஆளுக்குச் சொல்லு. அவன் வெளியதானே விழுந்தான்?"

எர்னெஸ்டோ ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றான். பள்ளியில் அவனுக்குக் கடைசி வருஷம். இந்த ஆட்டத்தோடு போனால் இனி ஃபுட்பால் இல்லை. மூட்டத்தில் அவன் முடியெல்லாம் நீர்த்துளி. சற்று தள்ளி டிராவிஸ், இன்னும் முட்டியில் மண்ணோடு நின்றான். எர்னெஸ்டோ அவனைப் பார்த்தான், தன் கோச்சைப் பார்த்தான்.

"இல்ல சார்," என்றான். "கோட்டு மேல. என் மூஞ்சி பந்துக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு. வாயெல்லாம் சுண்ணாம்பு."

கோச் எர்னெஸ்டோவின் பின்கழுத்தில் கையை வைத்து, அவனை பஸ் பக்கம் அழைத்துக்கொண்டு போனார். ஹாரிஸ் எனக்கு விளக்கம், பாராட்டு எதுவும் தரவில்லை. திங்கட்கிழமை அவருடைய பஸ் ஷெட்டுக்குப் போனபோது ஒரு கைப்பிடி இரும்பு நட்டுகளை என் கையில் கொட்டினார். "அடுத்த தடவை இதை வெச்சு எண்ணு. பல்லு பத்திரம்," என்றார்.

அந்த ஆட்டம் பதினான்குக்குப் பதினான்கு. நுழைவு நாலுக்கு மூன்று. சிவப்பு அடுத்த சுற்றுக்குப் போய், மறு சனிக்கிழமை பெரிய வித்தியாசத்தில் தோற்றது. எர்னெஸ்டோ அதற்குப் பிறகு ஆடவில்லை. ஒரு ஏலக்காயை நான் வலது பையிலிருந்து எடுத்துத் தின்றிருக்கிறேன்.